படகைத் தட்டி அனுப்பிய மாமனார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நான் இங்கே நலம். இங்கே என்றால் என் வீடும் இல்லை, உங்கள் வீடும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தீவு, அதில் படகுத்துறைக்கு எதிரே ஒரு டீக்கடை. உங்கள் நலமும், உங்கள் ஐஸ் ஃபேக்டரியின் நலமும், முக்கியமாக என் மகள் சிட்டுவின் நலமும் அறிய ஆவல். மாலையில் எனக்காகத் துறைக்கு வந்து காத்திருக்க வேண்டாம். நான் வரவில்லை.

கோபப்படாமல் முழுவதும் படியுங்கள். பிரசவத்துக்குத் துணையாக வந்து இருங்கள் என்று நீங்கள் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சிட்டுவின் அம்மா இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அவளுக்குப் பதில் ஆள் நான். ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவனுக்குப் பிரசவ வீட்டில் என்ன வேலை என்று யோசித்துக்கொண்டேதான் படகேறினேன், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் நல்ல பிள்ளையாகத்தான் வந்தேன், அப்போது பார்த்து இந்தத் தீவு வந்தது. துறையில் கூட்டம். இறங்குகிறவர்களை இறங்க விடாமல் அத்தனை பேரும் படகில் ஏறும் பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு ஆடு குறுக்கே படுத்திருக்கிறது, படகில் கயிறு கட்டும் ஆள் டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குக் கை பரபரத்தது. இறங்கிவிட்டேன்.

"இறங்குறவங்களுக்கு மொதல்ல வழி விடுங்க. கைக்குழந்தைக்காரம்மா, நீங்க முன்னாடி வாங்க. ஆட்டப் பின்னாடி கொண்டு போங்கய்யா, அதுக்கென்ன ஜன்னல் சீட்டா கேக்குது?" என்று ஆரம்பித்தேன். ஆச்சரியம் பாருங்கள், எல்லோரும் கேட்டார்கள். வரிசையாக ஏறினார்கள். ஆட்டுக்காரர் என்னைப் படகு ஆள் என்றே நினைத்துவிட்டார். ஆட்டோடு படகில் ஏறி நின்றுகொண்டு, "கயித்த எடுத்துரட்டுமா?" என்றார். "எடுங்க" என்றேன். என் கை தானாகப் போய்ப் படகின் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டியது. வாயும் சும்மா இருக்கவில்லை. "ரைட், போலாம்."

அந்தப் படகில் ஒரு வழக்கமாம். மேல் அறையில் இருக்கும் டிரைவருக்கு (அவரை ஏதோ கௌரவமாக அழைக்கிறார்கள், எனக்கு அவர் டிரைவர்தான்) துறை கண்ணில் படாதாம். கயிற்றுக்காரர் ரெண்டு தட்டு தட்டினால் கிளம்புவாராம். கிளம்பிவிட்டார். ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறுவது எனக்குப் புதிதல்ல, ஆனால் வண்டிக்கும் எனக்கும் நடுவில் கடல் இருந்தது. திரும்பிப் பார்த்தால், கையில் டீ கிளாஸோடு கயிற்றுக்காரர் நிற்கிறார்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாங்கிய துணி, என் பல்செட், எல்லாம் பையோடு போய்விட்டன. அடுத்த தீவில் கயிறு வீச ஆளில்லாமல் படகு கரையைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். கயிற்றுக்காரரின் போனில் டிரைவர் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"எவன்யா தட்டினது? அந்த ஆள அங்கயே பிடிச்சு வை. திரும்பி வர்றேன்."

கயிற்றுக்காரர் மட்டும் நிதானமாக இருக்கிறார். "விடுங்கண்ணே, இன்னிக்குத்தான் உக்காந்து டீ குடிக்கிறேன்" என்கிறார்.

மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு படகில் சும்மா உட்காரத் தெரியாதவன் உங்கள் வீட்டில் வந்து என்னென்ன கூத்து பண்ணுவேனோ. பிரசவ வலியில் இருக்கிறவளிடம் போய் "உள்ள தள்ளிப் படும்மா" என்று சொன்னாலும் சொல்வேன். அவள் முகத்தைப் பார்க்க ஆசை நிறைய இருக்கிறது, ஆனால் நான் வந்தால் உபகாரமில்லை, உபத்திரவம்தான். ஆகவே படகு வருவதற்குள் இந்தக் கடிதத்தைக் கயிற்றுக்காரரிடம் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போகும் படகில் வீட்டுக்குத் திரும்புகிறேன். தாயும் சேயும் நல்லபடியாக இருக்கட்டும். உங்களுக்கு என் ஆசிகள். ஐஸ் ஃபேக்டரி நண்பர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தொந்தரவு தர விரும்பாத மாமனார்.

பின்குறிப்பு: படகு வந்துவிட்டது. கடையின் பின்கதவு வழியாக நழுவப் பார்த்தேன், இறங்க வழியில்லாமல் அதே படகில் திரும்பி வந்த ஆட்டுக்காரர் விரலை நீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டார். டிரைவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "நீங்கதானா அது? இந்தத் துறையில தெனமும் அடிச்சுக்கிட்டுத்தான் ஏறுவாங்க. இன்னிக்கு என் ரூமுக்குச் சத்தமே கேக்கல. ஏறுங்க, இன்னும் ரெண்டு தீவுல இதே மாதிரி ஏத்தி இறக்கணும்" என்றார். மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்றேன். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு, பிரசவ வீட்டுலயும் பத்துப் பேர் கூடி நிப்பாங்க, யாராவது வழி விடச் சொல்லணுமில்ல" என்றார். அந்த வேலை எனக்குத் தெரியும்.

இதைப் படகிலிருந்து எழுதுகிறேன், கயிறு கட்ட முதலில் குதிக்கும் கயிற்றுக்காரர் உங்கள் கையில் தருவார். உங்கள் தீவு தெரிகிறது. சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துறையில் நிற்கிறாள், இன்னொரு கையை ஆட்டுகிறாள். மேலே எழுதியது எதையும் அவளிடம் காட்டாதீர்கள். பலகைப் பக்கம் வராமல் அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள், எல்லோரையும் இறக்கிவிட்டு நான் கடைசியாகத்தான் வருவேன்.