அப்படி யாரும் இங்க இல்லீங்க

ஒரு மனிதனைக் கெடுக்க எதிரிகள் வேண்டியதில்லை. அவன்மேல் உயிரையே வைத்திருக்கிற ஓர் ஊர் போதும். இதை நான் எண்பதுகளின் நடுவில், மாலத்தீவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகப் போகவிருந்த சமயத்தில் தெரிந்துகொண்டேன். ('போகவிருந்த' என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். என் வெளிநாட்டு அனுபவம் மொத்தமும் அந்த ஒரு சொல்தான்.)

ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் வீடுகள், சாமைக் கொல்லை, புளியமரங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக வாத்தியார். பி.யூ.சி. தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தேன். டிகிரி கிடையாது. எட்டாவதைத் தாண்டியவனே எங்கள் ஊரில் நான் ஒருவன்தான் என்பதால் அந்தக் குறையை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி வாசிப்பவரின் குரலை அப்படியே பிடித்து வைத்திருந்தேன். வீட்டில் களிக்குக் குழம்பு கேட்பதுகூட அந்தக் குரலில்தான். (என் மனைவி வள்ளி சட்டியை வைக்கிற சத்தத்தில் செய்திகள் முடிவடையும்.)

ஆனால் போக வேண்டும் என்று நினைத்ததற்குப் பகட்டு மட்டும் காரணமில்லை. எங்கள் முதல் பிள்ளைக்கு நடை பழகுகிற வயதில் காய்ச்சல் கண்டது. மழைக்காலம். பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. மூங்கிலில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் வைத்து இறக்கிக்கொண்டு போனோம். மலை முடிவதற்குள் தூளி அசைவது நின்றுவிட்டது. அன்றிலிருந்து வள்ளி சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னாள்: "இன்னொண்ணு பெக்கறதுன்னா ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியற எடத்துலதான் பெப்பேன்." வாத்தியார் சம்பளத்தில் மலையைவிட்டு இறங்கிக் குடியிருக்க முடியாது. அந்த நேரத்தில்தான் கரீம் பாய் வழி காட்டினார்.

கரீம் பாய் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்தவர். சந்தை நாளில் ஆட்டுத்தோல் வாங்க மலைக்கு வருவார். அவருடைய மச்சான் மாலத்தீவில் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். டிகிரி கட்டாயமில்லை, பயிற்சி பெற்றிருந்தால் போதும், வேலை அனுமதியைப் பள்ளிக்கூடமே வாங்கும் என்று செய்தி வந்தது. சிக்கல் நம் பக்கத்தில்தான். டிகிரி இல்லாதவன் வேலைக்கென்று வெளிநாடு போனால் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துவார்கள். பிறகு மெட்ராஸில் ஓர் அதிகாரியிடம் போய்த் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மெட்ராஸில் தனக்குத் தெரிந்த ஓர் ஏஜெண்டு இருக்கிறார், அவரிடம் போனால் ஒரே வாரத்தில் நான் பி.ஏ. ஆகிவிடலாம் என்றும் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நான் சந்தை நடுவில் நிமிர்ந்து நின்று, போனால் சட்டப்படிதான் போவேன், இல்லையென்றால் இந்த மலையிலேயே சாவேன் என்று செய்தி வாசித்தேன்.

"சட்டம் மெதுவாத்தான் நடக்கும் வாத்தியாரே," என்றார் பாய். "பரவால்ல, நடந்து வரட்டும்," என்றேன் நான்.

சட்டம் உண்மையிலேயே நடந்துதான் வந்தது. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டேன். கண் பட்டுவிடும் என்று ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவிடம் வெளியூரில் வேலை தேடுவதாக மட்டும் சொன்னேன். வள்ளிக்கு மாலத்தீவு தெரியும், பாஸ்போர்ட்டு தெரியாது. போலீஸ் விசாரிக்க வரும் என்று பாய் எச்சரித்திருந்தார். வரட்டுமே, ஊரார் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமலா போய்விடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் மலைக்குக் காக்கிச் சட்டை ஏறி வந்தால் அது சந்தன மரத்துக்காகத்தான் இருக்கும். வெட்டியவன் அகப்படாவிட்டால் அகப்பட்டவனைக் கூட்டிப் போவார்கள். என் சித்தப்பாவை அப்படித்தான் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு வலது கை எழும்பவில்லை. சாகும்வரை இடது கையால்தான் சாப்பிட்டார். அதன் பிறகு ஊரில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. காக்கி யாரைத் தேடி வந்தாலும் அந்த ஆள் ஊரில் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு கான்ஸ்டபிள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்றம் ஏறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். முதலில் எதிர்ப்பட்டவர் களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த என் அப்பா. சின்னக்காளி மகன் அண்ணாமலை (அது நான்தான்) வீடு எது என்று கான்ஸ்டபிள் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்க இல்லீங்க என்றார் அப்பா. சரி, சின்னக்காளி யார் என்று கேட்டதற்கு, அந்தப் பேரிலும் யாருமில்லை என்று தன்னையும் சேர்த்து இல்லாமல் செய்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஓடி வந்து, அந்தக் குடும்பம் காபித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய் அப்படியே போய்விட்டது என்று துணைச் சாட்சி சொன்னார். கான்ஸ்டபிள் நம்பாமல், தண்ணீர்க் குடத்தோடு வந்த வள்ளியை நிறுத்தி, உன் புருஷன் பெயரென்ன என்று கேட்டார். அவள் தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, எனக்குப் புருஷன் இல்லீங்க என்றிருக்கிறாள். அவருக்குக் குடிக்க மோர் கொடுத்து, ஊர் எல்லைவரைக்கும் கூடப் போய் அனுப்பி வைத்தார்கள்.

சாயங்காலம் நான் வந்தபோது ஊரே எங்கள் வாசலில் நின்றது. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு பெருமிதம். அப்பா ஒரு மூட்டையை என் கையில் வைத்தார். உள்ளே சாமை மாவு, உப்பு, போர்வை.

"நீ இன்னா பண்ணன்னு நான் கேக்கல," என்றார். "இருட்டறதுக்குள்ள காட்டுக்குள்ள ஏறிடு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

நான் ஒன்றும் செய்யவில்லை, இது பாஸ்போர்ட்டு விஷயம் என்றேன்.

அப்பா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "அது இன்னா மரம்?"

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். வள்ளி மட்டும் அடுப்படியில் போய் உட்கார்ந்து, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். பிள்ளை போனபோது வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. அப்பா சுவரோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கிக்கொண்டு கீழே போய் விளக்கலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பாவைக் காணோம். தன் மகன் ஊரில்தான் இருக்கிறான் என்று சொல்லப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பதாக வள்ளி சொன்னாள். ஸ்டேஷன் இருந்த தெருவில்கூட நடக்காத மனிதர் அவர். அன்று அவர் திரும்பவில்லை.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன். மடிப்புக் கலையாத ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் இங்கிலீஷ் சரிசெய்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. (அந்த வயதில் எனக்கு இங்கிலீஷ்மேல் இருந்த பக்தி குலதெய்வத்தின்மேல் இருந்ததில்லை.)

அப்பா ஸ்டேஷன் மூலையில் தரையில் குந்தியிருந்தார். மேல்துண்டு இல்லை. அவரை அடித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரிந்ததாகக் காட்டினால் எனக்கு ஆபத்து என்று நினைத்திருப்பார்.

நான் எஸ்.ஐ. முன்னால் நின்று ரேடியோக் குரலில் ஆரம்பித்தேன். பணிவன்புடன் தெரிவித்துக்கொள்வதில் தொடங்கி, தவிர்க்க முடியாத சூழ்நிலைவரை நீளமாக வாசித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார்.

"நல்லாத்தான் பேசற," என்றார் முடிவில். "டிகிரி இன்னா?"

"இல்லீங்க ஐயா."

"சரி. கேளு. நீ அந்த ஊர்ல இல்லன்னு ரிப்போர்ட்டு மேல போய்டுச்சி. அது நெசம்னா உங்கப்பன் நேத்து வந்து சொன்னது கெழவன் ஒளறல், வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நீ அங்கதான் இருக்கன்னா, எங்க ஆளுகிட்ட உங்கப்பன் பொய் சொல்லியிருக்கான். அதுக்குக் கேஸ் போடணும். நீயே சொல்லு, இருக்கியா, இல்லியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா இடது கையால் களியைப் பிட்டுத் தின்றது ஞாபகம் வந்தது.

"இல்லீங்க ஐயா," என்றேன்.

அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுத்தர் காகிதத்தை நீட்டியதும் எஸ்.ஐ.க்கு ஒரு யோசனை தோன்றி, இங்கிலீஷிலேயே எழுது, மேலே அனுப்ப நன்றாக இருக்கும் என்றார். எழுதினேன். மேற்கண்ட முகவரியில் நான் வசிக்கவில்லை என்று, ஒரு பிழை இல்லாமல், நிறுத்தக் குறிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க எழுதினேன். எஸ்.ஐ. படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெளிநாட்டுக்குச் செல்ல எனக்கிருந்த தகுதி அத்தனையையும் அந்த ஒரு பக்கத்தில் காட்டி, அதைக்கொண்டே வெளிநாட்டுக்குப் போகாமல் ஆனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அப்பா மெல்லக் கேட்டார்: "இனிமே உன்னத் தேடி வந்தா இன்னான்னு சொல்லட்டும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாஸ்போர்ட்டு மனு திரும்பி வந்தது. மறுபடி போடலாமா என்று விசாரித்தபோது, முதலில் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அதை நிரூபித்தால் மறுபடி அப்பாதான் உள்ளே போக வேண்டும். மாலத்தீவு வேலைக்கு வேறு யாரோ போனார். அந்த மெட்ராஸ் ஏஜெண்டிடம் பி.ஏ. வாங்கிய ஒருவர் வேறு நாட்டுக்குப் போய், டேப் ரெக்கார்டரோடு திரும்பி வந்து எங்கள் சந்தையிலேயே அதைப் பாட வைத்தார். நான் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். என் பள்ளிக்கூட வேலை பிற்பாடு நிரந்தரமாகி, அதிலேயே ஓய்வும் பெற்றேன்.

வள்ளி மறுபடி உண்டானபோது கரீம் பாய் வந்து நின்றார். தன் வீட்டுப் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆறாம் மாதத்திலேயே அவளை வாணியம்பாடிக்குக் கொண்டுபோய் விட்டேன். பாயின் மனைவிதான் அவளை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வலி எடுத்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவளிடம் நர்ஸம்மா புருஷன் பெயரைக் கேட்டார். வள்ளி என்னைப் பார்த்தாள். வலியில் உதட்டைக் கடித்தவள், "அப்படி யாரும் இங்க இல்லீங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று மகள் பிறந்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. சோறு கேட்டால் அப்படி யாரும் இல்லை. வரி வசூலிக்க வந்தால், கல்யாணத்துக்கு அழைக்க வந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தால், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், மகள் அதைச் சொல்வாள். அப்பா மட்டும் அதற்குச் சிரிக்க மாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார்.

கடைசியில் அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, ஒருநாள் என் மகளை அருகே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் கஞ்சியோடு கதவருகில் வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

"என்னைக் கூட்டிட்டுப் போக எமன் வருவான்," என்றார். "வந்தவன் சும்மா போவ மாட்டான். உங்கப்பன் பேரையும் சொல்லி விசாரிப்பான். அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு சொல்லிடு. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணு, தப்பில்ல."

சரி தாத்தா என்று அவள் தலையாட்டினாள்.

அப்பா போய் வருஷங்கள் ஆகின்றன. எனக்கு இப்போது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, போன வருஷத்திலிருந்து கொஞ்சம் நெஞ்சுவலியும். முன்பின் தெரியாத யாராவது வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி விசாரித்தால், மகள் உடனே பதில் சொல்வதில்லை. எட்டிப் பார்த்து, வந்தவர் ஏறி வந்தது எருமை இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறாள்.