பாதையில் ஏறாத என் வருத்தம்

அறிவும் அடக்கமும் கம்பியூட்டரும் ஒருங்கே வாய்த்த மருமகள் கம்சாயினிக்கு,

படுவான்கரையின் பெருமையும் புஸ்பத்தின் புருசனுமாகிய மாமன் வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. உன் சுகத்தைப் பிள்ளையாரிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம், என் இடது காலைத் தவிர.

கொழும்பில் ஆசுபத்திரிக் கம்பியூட்டர்களைக் கட்டி மேய்க்கும் உத்தியோகம் உனக்கு என்பதால் இவ்வழக்கை உன் சந்நிதானத்தில் வைக்கிறேன். போன கிழமை வாவியில் வலை இழுக்கையில் முதலையோடு மல்லுக்கட்டினேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; பக்கத்தில் உன் மாமி இருப்பதால் கெளுத்தி முள் குத்தியது என்று எழுதுகிறேன். கால் பூசணிக்காயாக வீங்க, எங்கள் ஊர் ஆசுபத்திரிக்குப் போனால், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்த டொக்டர் பிள்ளை ஊசியோடு நின்று, "ஐயா, ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கோ?" என்று கேட்டா. இருக்கிறது. முன்னொருக்கால் வாவிக்கு அக்கரையில், எழுவான்கரை ஆசுபத்திரியில் ஏதோ மருந்தை ஏற்ற, நான் கட்டில் கொள்ளாமல் உப்பி, எமன் என் சாரனைப் பிடித்து இழுத்த கதை உலகறியும். மருந்தின் பெயரைத்தான் நான் அறியேன்.

"அங்க கம்பியூட்டரில அடிச்சு வச்சிருக்காங்க பிள்ள" என்றேன், கம்பியூட்டரே என்னுடையது போல.

"அந்தக் கம்பியூட்டர் இஞ்ச கதைக்காது ஐயா. நடுவில இன்னும் பாதை வரேல்லை. பாதை வந்தால் உங்கட வருத்தம், மருந்து விவரமெல்லாம் தன்பாட்டில வந்திடும். கொஞ்சம் இருங்கோ."

மருமகளே, யாழ்ப்பாணத்தில் பாதை என்றால் தெரு. நமக்குப் பாதை என்றால் ஆளையும் மாட்டையும் மோட்டர்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை அல்லவா? நான் நொண்டி நொண்டித் துறைக்குப் போய் நின்றேன். பாதையும் வந்தது. ஆடுகள் இறங்கின, ஒரு அலுமாரி இறங்கியது. பாதை ஓட்டும் ஜெயரூபன் கேட்டான்:

"ஆரப் பாத்து நிக்கிறீங்க மாமா?"

"என்ட வருத்தம் வருது மகன்."

"நிக்கிற நிலையப் பாத்தா அது முன்னமே வந்திட்டு போல."

"இது கம்பியூட்டர் வருத்தம்டா. ஏத்தினயா இல்லயா?"

"ஏறல்ல மாமா. அடுத்த பாதையில பாப்பம்."

அடுத்ததிலும் ஏறவில்லை. மறுகாதான் உன் மாமி ஓடிவந்தாள். டொக்டர் பிள்ளை அக்கரைக்கு ஒரு போன் போட்டு ஆகாத மருந்தைக் கேட்டறிந்து, அதை விட்டு வேறு குளிசையும் எடுத்து வைத்து, நோயாளியை மட்டும் காணாமல் கட்டிலுக்கடியிலும் தேடியிருக்கிறா.

"கம்பியூட்டர் கதைக்காட்டி மனிசர் கதைப்பாங்க. இருங்க எண்டா இருக்க மாட்டீங்களா?" என்று துறை முழுக்கக் கேட்க உன் மாமி வாழ்த்தினாள்.

ஆயினும் உன் மாமன் திருந்திவிட்டான். இனி எந்தக் கரையில் விழுந்தாலும் மருந்தின் பெயர் என் நாவில் நிற்கும். எரித்ரோமைசின். நித்திரையிலும் சொல்கிறேனாம். நீயும் கொழும்புக் கம்பியூட்டரில் பெரிய எழுத்தில் அடித்து வை: வினாயகமூர்த்திக்கு எரித்ரோமைசின் ஆகாது.

உன் கை பட்ட கம்பியூட்டர்களெல்லாம் ஒன்றோடொன்று முகம் பார்த்துக் கதைத்துப் பழக மாமாங்கேஸ்வரர் அருள்வாராக.

ஒற்றைக்காலில் நின்று ஆசீர்வதிக்கும்
மாமன்

பி.கு.: கடிதத்தை உன் மாமி வாசித்தாள். எரித்ரோமைசின் என்பது அன்றிலிருந்து நான் விழுங்கிவரும், எனக்கு நன்றாக ஒத்துப்போன குளிசையாம். ஆகாததன் பெயரை அவளும் கேட்டு வைக்கவில்லை. டொக்டர் பிள்ளை லீவில் யாழ்ப்பாணம் போய்விட்டா. ஆகவே எதையும் அடித்துவிடாதே. நாளை முதற்பாதையில் நானே அக்கரைக்குப் போகிறேன், என் வருத்தத்தைக் கையோடு கூட்டிவர. ஜெயரூபனிடம் இரண்டு பேருக்கு இடம் சொல்லியாயிற்று.