காலிமுகத்தில் மேய்ந்த எருமை

எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று, சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று, கடைசியில் வெறும் பாறையிலேயே தேய்த்தாயிற்று. பாஷாவின் உள்ளங்கைகள் அசைந்து கொடுக்கவில்லை. கரி பிசைந்த கை மாதிரி கன்னங்கரேலென்று இருந்தன.

"புளி கரைச்சித் தர்றேன் சாயபு, ஊற வைங்க. பித்தாளையே வெளுக்குது, கை வெளுக்காதா?" என்றாள் கெங்கம்மாள்.

வெளுத்திருக்கும். ஆனால் அந்தப் புண்ணியவதி புளியைக் கரைத்துக் கொண்டுவந்தது இரும்புச் சட்டியில். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாஷாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் அவசரத்தில் கையை விட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் கறுப்பு மணிக்கட்டு வரைக்கும் ஏறியிருந்தது.

"யா அல்லா! வூட்ல அமீனா பாத்தான்னா முடிஞ்சிச்சி!"

"கைதானே கறுத்துது, மூஞ்சியா கறுத்துது? வுடுங்க," என்றார் கெங்கம்மாளின் புருஷன் அருணகிரி.

எப்படி விடுவது? அவர் ஊரான வாணியம்பாடியில் பால் குடிக்கிற குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், இது கடுக்காய் உடைத்த கை என்று. பாஷாவோ ஊராரைப் பொறுத்தவரை ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு கடுக்காய்க் கொட்டகையில் உட்கார்ந்திருக்கவில்லை. கடல் தாண்டிக் கொழும்பில் இருக்கிறார். கொழும்பில் எவன் கடுக்காய் உடைக்கிறான்?

நடந்தது இதுதான். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலையில் அதை வாங்கிக் கீழே ஒரு தோல் மண்டிக்கு அனுப்புவது பாஷாவின் வேலை. அவருக்கு முன்னால் அதே வேலையைப் பார்த்தவர் அவருடைய மாமனார். மனிதர் மௌத்தாகி வெகுகாலம் ஆகிறது. ஆனால் வீட்டில் அவர் பேச்சு மட்டும் இன்னும் திடகாத்திரமாக இருந்தது. யுத்தத்துக்கு வெகு முன்னாலேயே மண்டி முதலாளி அவரைச் சரக்கு விஷயமாக ரங்கூனுக்கு அனுப்பினாராம்.

"எங்க அத்தா யாவாரம் முடிஞ்சதும் மூட்டையக் கட்டிகினு ஓடியாரல," என்பாள் அமீனா. "அவ்ளோ தூரம் போய்ட்டு ஊரப் பாக்காம வர்றதான்னு, இன்னும் கொஞ்ச நாள் தங்கி ரங்கூனச் சுத்திப் பாத்துட்டுதான் வந்தாரு. வர்றப்போ ஒரு புட்டி தேனு வேற. அந்த மாதிரி தேனு இந்த ஒலகத்துலயே கெடையாது."

கல்யாணமான நாளிலிருந்து பாஷா இதைக் கேட்டு வருகிறார். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தன்னைப் பற்றிப் பேசும்போது அந்த வெளிச்சம் ஒரு தடவையாவது வராதா என்று அவருக்கு ஏக்கம்.

ரங்கூன் இல்லாவிட்டால் கொழும்பு. பஜார் டீக்கடை ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டுக் கேட்டே அந்த ஊர் அவருக்கு நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. போய் வந்தவன் எவன் கிடைத்தாலும் டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்பார். காலிமுகத்திடலில் கடற்காற்று எப்படி அடிக்கும், மருதானையில் என்ன விற்கும், புறக்கோட்டைக் கடைத்தெரு எங்கே திரும்பும், எல்லாம் அத்துப்படி. போகாதது ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பாக்கியும் இந்த ஐம்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம் தீர இருந்தது. "சத்தாரோட போய் மாதிரித் தோலக் காட்டிட்டு, ஒரு வாரத்துல வந்துடு பாஷா. மத்தத அவன் இருந்து பாத்துப்பான்," என்று முதலாளி தன் அண்ணன் மகன் சத்தாரோடு அவரையும் கிளப்பிவிட்டார். புதுக் கோட்டு தைத்தாயிற்று. ரயிலடியில் தெருவே திரண்டு மாலை போட்டது. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் டாக்டர் தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. காய்ச்சல் ஆளைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சத்தார் தோலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பாஷா கரையில் நின்று கை காட்டினார். கப்பல் மறைந்த கையோடு காய்ச்சலும் இறங்கிவிட்டது. என்ன அநியாயம் பாருங்கள்!

மாலை போட்டு அனுப்பிய ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது? ரயில் மாறித் திருப்பத்தூரில் இறங்கி மலையேறிவிட்டார். அந்த ஒரு வாரத்தை அருணகிரியின் கொட்டகையில் கழித்துவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்வதாகத்தான் திட்டம். ஆனால் எதிரே கடுக்காய் குவிந்து கிடக்கும்போது கை சும்மா இருக்குமா? இரும்பு உலக்கையை எடுத்து நாலு காயை உடைத்துத் தரம் பார்த்தார். நாலு நாற்பதாயிற்று. கை இந்தக் கோலமாயிற்று.

"அருணகிரி, நாளைக்கு லாரியில கீழ போறே இல்ல? அமீனாகிட்ட ஒரு சேதி சொல்லணும். சந்தையில கொழும்புலேர்ந்து வந்த ஒரு ஆளப் பாத்தேன், அவரு சொன்னாருன்னு சொல்லு. பாஷாவுக்கு யாவாரம் முடிஞ்சிச்சி. ஆனா அவ்ளோ தூரம் போய்ட்டு ஊரப் பாக்காம வர்றதான்னு, இன்னும் கொஞ்ச நாள் தங்கிச் சுத்திப் பாத்துட்டு வர்றாராம்."

"நான் பொய் சொன்னா நாக்கு ஒளறுமே சாயபு."

"நீ எங்க பொய் சொல்றே? நான் சொன்னதத்தான சொல்றே?"

அருணகிரிக்கு அது நியாயமாகப் பட்டது. போனார். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

"சொன்னியா?"

"அச்சரம் மாறாம சொன்னேங்க. கேட்டுகினாங்க. அப்புறம், ஒடம்பு நல்லா இருக்கறாரான்னாங்க. ரெண்டு வேளையும் களி நல்லா துன்றாருன்னேன்."

"கொழும்புல ஏதுய்யா களி!"

"அங்க குளிருதான்னாங்க. ராத்திரியில பல்லு கிட்டுதுன்னு சொன்னேன். நேத்து நீங்கதான சொன்னீங்க?"

பாஷா தலையில் கை வைத்துக்கொண்டார். "அது கடலோர ஊருய்யா, அங்க வேர்த்துக் கொட்டும்! அவ இன்னா சொன்னா?"

"உள்ள போய் இத எடுத்தாந்து, கொழும்பு போற ஆளு யாராச்சும் ஆப்ட்டா குடுத்தனுப்புங்கன்னாங்க."

பிரித்தால் அவருடைய பழைய மப்ளர். பாஷாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. மலையில் இருக்கிறவன் கையில் கொழும்புக்கு மப்ளர் கொடுத்து அனுப்புகிறாளே, உலகம் தெரியாத பெண் என்று நினைத்தார். இவளிடமா பொய் சொன்னோம் என்று அன்றைக்குக் களி தொண்டையில் நின்றது. மப்ளரைச் சுற்றிக்கொண்டதும் இறங்கிவிட்டது.

சுற்றிப் பார்ப்பதாகச் சொல்லியாயிற்று. திரும்பிப் போனால் அமீனா கேட்பாள், வர்ணிக்க வேண்டுமே! அதனால் பாஷா காலையும் மாலையும் புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு கொழும்பைச் சுற்ற ஆரம்பித்தார். ஏரிக்கரை காலிமுகம். புளியந்தோப்பு மருதானை. சாமை காயப்போட்ட களம் புறக்கோட்டை. "காலிமுகத்துல காத்து பிச்சிகினு போச்சி அமீனா," என்று தனக்குள்ளேயே பேசிப் பழகிக்கொண்டு நடப்பார்.

மலைக்காரர்களுக்கு அந்தப் பெயர்கள் பிடித்துவிட்டன. "உன் ஆடு மருதானையில பூந்துகிச்சி, ஓடு!" என்று கெங்கம்மாளே கூப்பாடு போடும் அளவுக்கு ஊர் தேறியது. சுற்றச் சுற்ற பாஷாவுக்கும் நிஜமாகவே பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷம் கடுக்காய் வாங்கப் போய் வந்திருக்கிறாரே ஒழிய, மலையை ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. இதை அமீனாவும் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தோன்றும். அடுத்த நிமிஷமே அந்த நினைப்பில் பகீரென்று வியர்த்துவிடும்.

கைதான் வெளுக்கிற வழியாக இல்லை. அருணகிரி மறுபடி லாரியில் கிளம்பினார்.

"இன்னும் ஊர் பாத்து முடியலியாம்னு சொல்லு," என்ற பாஷா, மனசு கேட்காமல் சேர்த்துக்கொண்டார்: "மப்ளர் வந்து சேந்துச்சி, ரொம்ப ஒதவியா இருக்குதுன்னும் சொல்லிடு."

லாரி வளைவு திரும்பிய பிறகுதான் உறைத்தது. மப்ளர் எப்படி அதற்குள் கொழும்பு போய்ச் சேரும்? போய்ச் சேர்ந்த செய்தி எப்படித் திரும்பி வரும்? பாஷா லாரியின் பின்னால் ஓடினார். கோட்டில் ஒரு பொத்தான் அறுந்ததுதான் மிச்சம்.

மறுநாள் மத்தியானம் லாரி வந்து நின்றது. முன் பக்கத்திலிருந்து முதலில் வெள்ளைத் துப்பட்டி இறங்கியது. பின்னால் அருணகிரி இறங்கினார்.

பாஷா ஒரே பாய்ச்சலில் கொட்டகைக்குள் போய்க் கடுக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். மூட்டை ஒன்று சரிந்து, தூள் தலையிலிருந்து கால்வரை அப்பியது. தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்தார். காது வழியாக வருவது போல் முட்டியது. கடைசியில் கொட்டகை அதிர ஒரு தும்மல் போட்டார்.

"கொழும்புல சளி ஜாஸ்தி போலக்குது," என்றது அமீனாவின் குரல்.

பாஷா எழுந்து நின்றார். மூஞ்சியும் கறுத்திருந்தது.

"நானா கூட்டிகினு வரலைங்க சாயபு," என்றார் அருணகிரி கையைப் பிசைந்துகொண்டு. "அவங்கதான் என்னக் கூட்டிகினு வந்தாங்க."

சொல்லிவிட்டு அவர் மெல்ல நழுவினார். அமீனா பக்கத்தில் வந்து துப்பட்டி முனையால் புருஷன் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அதற்குமேல் பாஷாவால் தாங்க முடியவில்லை.

"நான் கப்பலே ஏறல அமீனா. காய்ச்சல்னு திருப்பி அனுப்சிட்டாங்க. ரங்கூன் போய் வந்தவரு பொண்ணு நீ. இவன் கரையத் தாண்டலியான்னு நீ நெனச்சிட்டா நான் இன்னா பண்ணுவேன்? அதான் ஒளிஞ்சிகினேன்."

அமீனா அவர் கறுத்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "கெளம்பறப்பவே உங்க ஒடம்பு சுட்டுச்சி. காய்ச்சலோட எங்க கெடக்கறீங்களோன்னுதான் எனக்கு பயம். அருணகிரி அண்ணன் களி துன்றாருன்னு சொன்னப்புறம்தான் உசுரு வந்துச்சி."

"அப்ப உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"வேல முடிஞ்சிச்சி, ஊரச் சுத்திப் பாத்துட்டு வர்றேன்னு சேதி வந்துச்சே, அப்பவே தெரியும்."

"அதுல இன்னா தப்பு? உங்க அத்தாவும் ரங்கூன்ல அப்டித்தான பண்ணாரு?"

அமீனா துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"பசங்க எங்க?" என்றார் பாஷா.

"அம்மாகிட்ட வுட்டுட்டு வந்தேன். மலைக்குப் போய் அவரக் கூட்டிகினு வர்றேன்னேன். எதுக்குன்னுகூட கேக்கல. சிரிச்சாங்க."

மாமியார் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று பாஷா யோசிப்பதற்குள் வெளியே யாரோ ஓங்கிக் கத்தினார்கள்: "கெங்கம்மா! உன் எருமை காலிமுகத்துல மேயுது!"

அமீனா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பாஷாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் அந்த வெளிச்சம் வந்திருந்தது. ரங்கூனுக்கு வருமே, அதே வெளிச்சம்.

"மண்டிக்கு நீங்க இன்னா சொல்லப் போறீங்களோ சொல்லிக்கோங்க. நம்ம வூட்ல கேட்டா கொழும்புதான்," என்றாள். "இவ்ளோ தூரம் வந்துட்டு ஊரப் பாக்காம போறதா? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம். கெளம்புங்க, காலிமுகத்த எனக்குக் காட்டுங்க."

பாஷா கோட்டைத் தட்டி மாட்டிக்கொண்டார். இருவரும் வாசலைத் தாண்டும்போது, எருமையை ஓட்டக் கம்போடு கிளம்பிய கெங்கம்மாள் அமீனாவை உற்றுப் பார்த்தாள். சட்டென்று உள்ளே ஓடி ஒரு புட்டியை எடுத்து வந்து அவள் கையில் திணித்தாள்.

"நீ சின்னப் பொண்ணா உங்கம்மா கையப் புடிச்சிகினு உங்கப்பாவ ரங்கூன்லேர்ந்து கூட்டிகினு போக இதே கொட்டாய்க்கு வந்தப்பவும் இந்தத் தேனுதான் குடுத்தனுப்சேன், இந்தாம்மா, இத கொழும்புத் தேனுன்னு சொல்லிக்கோ."