முந்திக்கொண்ட கெடு

காலண்டரில் சுழித்திருக்கும் தேதி பொய். சுழித்தவளே நான்தான். அப்புறம் பயம் எங்கிருந்து வரும்?

தன் மெத்தைக் கடையில் உறைக்குள் பஞ்சைத் திணித்தபடி அவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வரி தாமதமாகி இரண்டு முறை அபராதம் கட்டியாகிவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் சிறு கடைகளுக்கான சலுகை போய்விடும் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். சலுகை போனால் கடையும் போன மாதிரிதான். அதனால் உண்மையான கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே காலண்டரில் ஒரு கெடு வைத்துப் பார்த்தாள். ஏமாற்ற ஒருவர், ஏமாற ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். அவள் ஒருத்திதான் இருந்தாள்.

எனவே கணவரிடம் ஒப்படைத்தாள்.

"இனிமே தேதிய நீங்களே வச்சுக்குங்க. எனக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லுங்க. எவ்வளவு முன்னாடின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"பொண்டாட்டியே பொய் சொல்லச் சொல்ற வீடு நம்ம வீடாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

ஆனாலும் சிரத்தையாகவே செய்தார். ஆடிட்டரைக் கேட்டார். ஆடிட்டர் தன்னிடம் வருகிற எவரையும் நம்பாதவர். எல்லோருக்கும் முன்தேதிதான் சொல்வார். அதிலிருந்து கணவர் மனைவிக்காகக் கொஞ்சம் கழித்தார், தன் மறதிக்காக இன்னும் கொஞ்சம். அதிலும் நிம்மதி வராமல், கடையில் உறை தைக்கும் தன் தங்கையிடம் தேதியைக் கொடுத்து, மனைவிக்கு நினைவூட்டச் சொல்லிவைத்தார். அண்ணன் எதையும் கடைசி நேரத்தில் சொல்கிறவர் என்பது தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவளும் தன் பங்குக்குக் கழித்தாள்.

ஒரு நாள் காலை தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, இன்னைக்குத்தான் கடைசி."

அவள் கை பஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. கணவருக்குப் போன் செய்தாள். எதிலிருந்து எதைக் கழித்தோம் என்பது அதற்குள் அவருக்கே மறந்துபோயிருந்தது. தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். ஆடிட்டரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைசி நாளில்தான் ஆடிட்டர்கள் போனை அணைப்பார்கள். சந்தேகமே இல்லை.

கடைக் கதவைச் சாத்தும்போது, மெத்தைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்த விடுதிக்காரர் வந்து நின்றார். கட்டில்கள் வந்துவிட்டன, மெத்தைகள் எங்கே என்றார். நாளைக்குத் தருகிறேன் என்றாள். அவர் கோபப்படவில்லை. வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

பில்களைப் பையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாகத் தேதிக்குப் பயந்தாளே தவிர, அது எந்த மூன்று மாதத்துக்கான தேதி என்று ஒருநாளும் கேட்டதில்லை. பையைக் கொடுப்பாள், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். பயப்படுவது மட்டும்தான் அவள் வேலை. அதைக் குறைவில்லாமல் செய்து வந்திருக்கிறாள்.

வரி ஆபீசில் ஈ காக்கை இல்லை. பெஞ்சுகளுக்கு மேலே மின்விசிறி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் பில்களைப் புரட்டினாள்.

"இதெல்லாம் எந்தத் தவணைக்கும்மா?"

"இன்னைக்குக் கடைசியாமே, அதுக்கு."

அந்தப் பெண் அவளையும் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த மூணு மாசமே இன்னும் முடியலையேம்மா. விக்காத மெத்தைக்கெல்லாம் வரி கட்ட வந்திருக்கீங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. எத்தனையோ நாளாய் உள்ளே இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று பிடியை விட்டது. உடனே தூக்கம் வந்தது.

கவுன்டர் பெண் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் பாத்திரக் கடை வச்சிருக்கார். தவணைக்குத் தவணை அபராதம்தான். நான் இங்கயே உக்காந்திருக்கேன், நான் சொன்னா காதுல ஏறாது. நீங்க ஒரு போன் பண்ணி, இன்னைக்குத்தான் கடைசின்னு சொல்லிடறீங்களா? வெளியாளுங்க சொன்னா நம்புவார்."

அவள் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது மட்டும் வேண்டாம்மா" என்றாள்.