மச்சான் காரின் சிவப்பு எண்ணெய்

சனிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்த ராமசுப்பு, சைக்கிளை ஸ்டாண்ட் போடும்போதே காருக்கு அடியில் சிவப்பாக ஏதோ தேங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டான். பார்க்காத மாதிரி உள்ளே போய்ப் படுத்துவிடலாமா என்று இருந்தது. ராத்திரி முழுக்க நூல் மில்லில் நின்ற கால்கள் அதற்குச் சம்மதித்தன. ஆனால் கார் மச்சானுடையது.

மனைவி இசக்கிசெல்வியின் அண்ணன் ஹரிகிருஷ்ணனுக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி. இரண்டு மாதம் துபாய் போகவேண்டி வந்ததும், கடல் காற்றில் துருப்பிடித்துவிடும் என்று தன் பழைய ஜப்பான் காரைக் கோவில்பட்டியில் தங்கை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார். அதற்குக் கிளச் கிடையாது. கியர் தானாகவே மாறும்.

"மாப்ளே, வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி அணைச்சிரும், அது போதும். இதுல கியர் ஆயில் சிவப்பா இருக்கும். கீழ சிவப்பாச் சொட்டுச்சுன்னா கியர் பெட்டி போச்சுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதற்கு முன்னால் அவர் கொடுத்துவைத்தவை ஒரு மொபெட்டும் ஒரு கிணற்று மோட்டாரும். இரண்டும் இப்போது உயிரோடு இல்லை. மச்சான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் திறந்தார்கள். இந்தக் காரையாவது வாங்கினபடி திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ராமசுப்புவுக்கு அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை, தூக்கத்தைத் தவிர.

குனிந்து கையை விட்டு அந்தச் சிவப்பைத் தொட்டான். காரின் அடிவயிறு முழுக்கப் பழைய எண்ணெய்ப் பிசுக்கு, அதில் உரசிய விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தான். வருஷக்கணக்காகப் பஞ்சுத் தூசியை இழுத்த மூக்குக்கு எதுவும் தெரியவில்லை.

லாரி மெக்கானிக் பரமசிவனைக் கூட்டிவந்தான். அவர் காருக்குள் தலையை விட்டு, கிளச் மிதி எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு அந்தக் காரின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. கியர் பெட்டிக்கு அடியில் இருந்த எண்ணெய்த் தட்டின் போல்ட்டுகளை லாரிக்கு இறுக்குகிற மாதிரி இறுக்கினார். கடைசி போல்ட் முறிந்தது.

"ஒண்ணு போனா என்ன, மத்ததெல்லாம் புடிச்சுக்கிடும்," என்றார்.

இசக்கிசெல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எதிர்த்த வீட்டுக்காரி வண்டியவே பாத்துக்கிட்டு நிக்கா. எங்கண்ணன் வண்டிக்குக் கண்ணு பட்டுருச்சுங்க."

"ஏட்டி, கண்ணுக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்? இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுக்காத," என்று சொல்லிவிட்டு அவன் படுக்கப் போனான். அவளும் அதற்குப் பிறகு அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை மறுபடியும் சிவப்பு.

இந்த முறை தட்டையே கழற்றி, கசிவை அடைக்கப் புது பேக்கிங் போடவேண்டும் என்று பரமசிவன் தீர்மானித்தார். வீட்டில் இருந்த பெரிய பேசினை அடியில் வைத்துத் தட்டை இறக்கியதும், பாதி எண்ணெய் பேசினிலும் பாதி ராமசுப்புவின் சட்டையிலும் விழுந்தது. அந்தக் காருக்கான பேக்கிங் மதுரையில்கூட இல்லை. லாரி டியூபைக் கத்தரித்துப் போட்டார்கள். உள்ளே இருந்த வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவினார்கள். டிராக்டர் சாமான் கடையில் சிவப்பு எண்ணெய் கிடைத்தது. இந்த மாதிரி வண்டியில் எஞ்சின் ஓடும்போதுதான் எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும். பரமசிவன் எல்லா வண்டிக்கும் பார்ப்பதுபோல அணைத்துவிட்டுப் பார்த்தார். போதும் என்றார்.

ராமசுப்பு ஏறி உட்கார்ந்து முன்னால் போகிற கியரில் போட்டான். எஞ்சின் கத்தியது, கார் நின்ற இடத்தில் நின்றது. பின்னால் போகிற கியரில் போட்டான். கார் ஒரே பாய்ச்சலில் காம்பவுண்டுச் சுவரில் போய் இடித்தது.

பரமசிவன் உடைந்த பின்விளக்கைக் காலால் ஒதுக்கினார். "ரிவர்ஸ் ஜோராத்தான் இருக்கு, அண்ணாச்சி."

தள்ளிக்கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து சிவப்பு தினசரி ஆகிவிட்டது. ராமசுப்பு பகலில் தூங்குவதை விட்டான். மில்லில் நின்றுகொண்டே தூங்கி, மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினான். கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. எண்ணெய் பிடித்த அதே பேசினைக் கழுவாமல் காருக்கு அடியில் தள்ளிவைத்தான். முற்றம் பெருக்க வரும் ராதாமணியிடம், அதைத் தொடக்கூடாது, அங்கேயே கிடக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனான்.

காலையில் பேசின் அரைவாசி நிறைந்திருந்தது. மேலே எண்ணெய் மினுமினுத்தது. அவ்வளவும் பெட்டியிலிருந்து இறங்கியது என்றால் உள்ளே என்ன மிச்சம் இருக்கும்? பழைய வேட்டியில் வடிகட்டி, புனல் வைத்து அவ்வளவையும் திரும்ப உள்ளே ஊற்றினான். பிறகு ஸ்டார்ட் செய்து பார்த்தான். ரிவர்ஸும் போகவில்லை.

விடாமல் தினமும் பிடித்தான். தினமும் ஊற்றினான்.

இரண்டு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹரிகிருஷ்ணன் துபாயிலிருந்து வந்து இறங்கினார். இசக்கிசெல்வி அண்ணனை வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, தட்டை ராதாமணி கையில் கொடுத்துவிட்டுக் காபி போட உள்ளே ஓடினாள். மச்சான் காபிக்குக் காத்திருக்காமல் காரிடம் போனார். உடைந்த விளக்கைப் பார்த்தார். பானட்டைத் திறந்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவினார். கம்பியில் ரோஸ்மில்க் நிறத்தில் ஏதோ நுரைத்து வழிந்தது.

"பெட்டி தானாத்தான் ஒழுகிச்சு மச்சான். நான் அதைப் புடிச்சுப் புடிச்சு உள்ள ஊத்தி, எப்படியோ காப்பாத்தி வச்சிருக்கேன்," என்றான் ராமசுப்பு. சொல்லும்போது அவனுக்கே தன்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

மச்சான் கம்பியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்ளே, இதுல பாதிக்குப் பாதி தண்ணியால்ல இருக்கு. கியர் பெட்டிக்குள்ள தண்ணி எப்படிய்யா போச்சு?"

தட்டோடு பின்னால் வந்து நின்ற ராதாமணி சொன்னாள்: "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி, இந்த ஆரத்தித் தண்ணிய காருக்கு அடியில ஊத்திருதேன். வண்டிக்குச் சுத்துறதையும் மிதிபடக் கூடாதுன்னு அக்கா அங்கனதான் ஊத்தச் சொல்லிருக்காவ, வீட்டு அண்ணாச்சியும் அதுக்குன்னு ஒரு பேசினே வச்சுக் குடுத்துருக்காவ."