டி.ஐ.ஜி. மதினி கொடுத்த விசில்

அருப்புக்கோட்டை,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த ரேணுகாதேவி மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி பிரவீணா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே மழையைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் சரகத்துச் சட்டம் ஒழுங்கும் சௌக்கியந்தானே? போன் பண்ணினால் யாரோ ஒரு ஏட்டு எடுத்து, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க, புகாரைச் சொல்லுங்க" என்கிறார். புகார்தான். ஆனால் மேடத்தின் மேலேயே புகார் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் இந்தக் கடிதம்.

பங்குனிப் பொங்கலுக்கு வந்தபோது உங்கள் மருமகள், அதான் என் மகள் சோலைநிலாவுக்கு ஆசையாகக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்தப் போலீஸ் விசிலைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவளை போனில் கூப்பிட்டு, போலீஸ் வேலை பொம்பளைப் பிள்ளைக்குச் சரிப்படாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், "டி.ஐ.ஜி. அத்தை சொல்லட்டும்" என்கிறாள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மதினி! நம்ம வத்தல் கடை முன்னால் லோடு இறக்க வந்த வண்டியை விசில் ஊதி, "இங்க நிறுத்தக் கூடாது" என்று விரட்ட, டிரைவர் பயந்துபோய் அத்தனை மூட்டையையும் எதிர்க்கடையில் இறக்கிவிட்டார். கையை ஓங்கிக்கொண்டு வந்த உங்க தம்பி, அவள் முறைத்த முறையில் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். ஆமாம், சார்தான். நீங்கள் முதன்முதலாக டி.எஸ்.பி.யாகப் போன ஊரில் ஏட்டுமார் வாயில் "சார், சார்" என்றே வந்ததும், "எப்படியும் கூப்பிடுங்க, முதல்ல பொம்பளைப் போலீசுக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்க" என்று நீங்கள் சொன்னதும் அவளுக்குக் கதையாகச் சொன்னீர்களே, கக்கூஸை விட்டுவிட்டு அந்தச் சாரை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் நடந்ததுதான் உச்சம். ஒரு வளைகாப்புக்குத் திருச்சுழி பஸ்ஸில் போனோம். பாதி வழியில் டீக்கடைப் பக்கம் நின்றதும் கண்டக்டர் வீரணன் மூட்டை இறக்கப் போனார், நானும் "அசையாம இருக்கணும்" என்று இவளிடம் சொல்லிவிட்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கினேன். அசையவில்லை. ஊதினாள். ஒரு விசிலுக்கு நிக்கணும், ரெண்டு விசிலுக்குக் கிளம்பணும், நம்ம பக்கத்து டிரைவர்மாருக்கு அது ரத்தத்தில் ஊறினதாச்சே, திரும்பியே பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். உள்ளே என் பிள்ளை, ரோட்டிலே நானும் கண்டக்டரும். வீரணன் நிறுத்தச் சொல்லி ஊதினார். வாய் நிறைய வெத்திலை, விசிலில் சாறுதான் வந்தது. "ஏலே, நிறுத்துலே!" என்று அவர் கத்தக் கத்த, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு நான் ஓடினேன் மதினி. கண்டக்டரைத் தாண்டி, ஒரு மொபட்டையும் தாண்டி, ஆட்டுமந்தைக்காகப் பஸ்ஸு மெதுவா உருண்ட இடத்தில அதையும் தாண்டி, முன்னால போய் நின்னு கையைக் காட்டிட்டேன். பஸ்ஸே கை தட்டிச்சு. மூச்சு வாங்க வந்து சேர்ந்த வீரணன், "ஏம்மா, நீங்க எந்த ஸ்டேஷனு?"ங்கிறாரு. குற்றவாளி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "அம்மா, ஓட்டத்துல நீ பாஸு"ங்கிறா!

நான் பயப்படுறதுல தப்பு உண்டா, நீங்களே சொல்லுங்க. நம்ம தாலுகாவோட முதல் பெண் டி.ஐ.ஜி.ன்னு இன்னைக்குப் பேனர் வைக்கிறாக. அன்னைக்கு? "மக டீச்சர் டிரெய்னிங்ல இருக்கா"ன்னுதான உங்கம்மா தெரு முழுக்கச் சொல்லி வச்சிருந்தாக. நீங்க வந்து இறங்கினதும் எதிர்வீட்டு மூக்கம்மாள் சித்தி உங்கம்மாகிட்ட, "ஏத்தா முத்துமாரி, எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சருக்கு ஜீப்பு குடுக்காக?"ன்னு கேட்டது இந்தத் தெருவுல இன்னும் பழசாகல. பொண்ணு பார்க்க வந்தவுக காப்பியக்கூட குடிக்காம எந்திரிச்சுப் போனது, தேருக்குப் பந்தோபஸ்து நின்னு கால் வீங்கினது, கலவரத்துல கல்லு பட்டு, தையல் போட்ட நெத்தியோட மறுநாளே டூட்டிக்குப் போனது, எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே சொல்றீக. பிள்ளைக்கு உங்க சிரிப்புதான் தெரியுது. பெத்தவ எனக்குத் தையல்தான் தெரியுது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை போனை மறந்துவிடாதீர்கள். கடைசியாகப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காப்பியைக் குடித்து முடித்து இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாரே, அந்த அண்ணனுக்கு என் தனி வணக்கம். இந்த வருஷமாவது உங்களுக்கு டிரான்ஸ்பர் வராமல் குலசாமி சோலையம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
என்றும் கலக்கத்துடன்,
பிரவீணா, பி.எஸ்ஸி.

பி.கு.: இதைத் தபால்ல போடாமலே ஒரு வாரமாச்சு. மேலே எழுதினதைக் கிழிக்க மனசு வரல, படிச்சுட்டு மறந்துருங்க. போன் வேணாம். வீரணன் அப்படிக் கேட்டதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல மதினி. திங்கட்கிழமை எஸ்.ஐ. பரீட்சைக்கு அப்ளை பண்ணிட்டேன். இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிரும். பிள்ளையை அனுப்புறதுக்கு முன்ன பெத்தவ ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வரணும்ல? உங்க தம்பிக்கு இன்னும் தெரியாது. உங்கம்மாகிட்ட பி.எட். படிக்கப் போறேன்னு சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அங்கயும் ஜீப்பு குடுக்காகளாக்கும்?"னாக. மறுநாள்லேருந்து என் தட்டுல ரெண்டு அவிச்ச முட்டை. விசிலையும் திருப்பிக் கேட்டுராதீக. காலையில கண்மாய்க்கரையில நான் ஓட, சோலைநிலாதான் ஊதுறா. ரெண்டு விசிலு நல்லா ஊதுறா. அந்த ஒரு விசிலுதான் இன்னும் பழகல. ஓடிக்கிட்டே இருக்கேன்.