ஐந்து கதவுகள் தவிர அனைவரும் நலம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், பூட்டுக்கடைக்காரன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கையும் பிள்ளையும் நானும் நலம், ஒரு விரலும் ஐந்து கதவுகளும் தவிர. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கல்வி அலுவலகக் கட்டடப் பிரிவில் ஒரே நாற்காலியில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருக்கிறீர்களே, நாற்காலிக்கு வலிக்காதா என்று கேட்கச் சொன்னாள் உங்கள் தங்கை. நான் கேட்கமாட்டேன். எனக்கு மரியாதை தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்னால் பழைய பள்ளிக்கூடத்தில் மின்பெட்டி புகைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தீ என்று சொல்ல முடியாது, அதைவிட அதிகப் புகை என் கடை ஸ்டவ்வில் வரும். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியுமா? நாற்பத்திரண்டு பேரும் ஒரே கதவைப் பார்த்து ஓடினார்கள். அது உள்பக்கம் திறக்கிற கதவு. முன்னால் நிற்கிற பிள்ளை இழுக்க வேண்டும், பின்னால் நாற்பத்தொரு பேர் தள்ளுகிறார்கள், எப்படித் திறக்கும்? முன்னால் நின்றது உங்கள் மருமகள், என் பிள்ளை. டீச்சர் பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பிய்த்தெடுத்துக் கதவைத் திறப்பதற்குள் தாழ்ப்பாளில் மாட்டி அவள் மோதிர விரல் நசுங்கிவிட்டது. இப்போது அது கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. "பை மாட்ட வசதியாத்தான்பா இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள், அப்போது ஆறு வயது. இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவு சிக்குகிறது என்று அதற்கு இரண்டு மாதம் முன்புதான் என்னைக் கூப்பிட்டார்கள். கீலுக்கு எண்ணெய் போட்டு, உள்பக்கம் வெண்ணெய் மாதிரித் திறக்கும்படி செய்து கொடுத்து, இனிப் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். பூட்டையும் கீலையும் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதுவும் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அப்புறம்தான் புதிய பள்ளிக்கூடம் வந்தது. பாதுகாப்பான, குழந்தைகளுக்கு உகந்த தொடக்கப் பள்ளி, ஊர்மக்கள் பங்கேற்புடன். நீங்கள்தான் போன் செய்து, "மாப்பிள்ளை, கமிட்டில சேருங்க, உங்க மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்றீர்கள். என் மாதிரி ஆள் என்றால் கேள்வி கேட்காத ஆள் என்று எனக்கு விளங்கவில்லை, பெருமையாகப் போய்ச் சேர்ந்தேன். என்னிடம் ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று செருப்பைக்கூட வாசலுக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தேன். கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, தும்மினால்கூட முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் தேடுவார், அதனால் எங்கள் தெருவில் அவருக்குத் 'தீர்மானம்' என்றே பெயர். அவர், "நல்ல கருத்து, அடுத்த கூட்டத்துக்கு வைப்போம்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்து ஆளுக்கொரு வண்ணக் காகிதம் கொடுத்து, "உங்க கனவுப் பள்ளிய வரைங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் நீச்சல்குளம் வரைந்தார். நான் ஒரு கதவு வரைந்தேன். பயிற்சியாளர் என் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா யோசிங்க சார்" என்றார். சரி என்று கதவைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து கொடுத்தேன்.

இப்படிப் பதினேழு கூட்டம். சுவருக்கு என்ன நிறம் என்பதற்கு மட்டும் நான்கு. மஞ்சள் கட்சியும் நீலக் கட்சியும் பேசிக்கொள்ளாமல் போய், கடைசியில் இரண்டையும் கலந்து பச்சை அடிப்பது என்று தீர்மானம் போட்டார்கள், இப்போது இரண்டு கட்சிக்கும் அந்தச் சுவரைப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பதினொன்றாம் கூட்டத்தில் கதவு நிறைவேறியது. காண்ட்ராக்டர் வரைபடத்தில் ஐந்து வகுப்பறைக்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டுகிற வளைவை வெளிப்பக்கம் போட்டு, அப்படியே கதவும் மாட்டினார். கீல் எல்லாம் என் கடையிலிருந்து, என் பங்களிப்பு. அன்றைக்கு உங்கள் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத் தள்ளிப் பார்ப்பாள், அப்புறம்தான் உள்ளே வருவாள். ஐந்தையும் உள்ளிருந்து தள்ளிப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, ஒழுங்கா பண்ணிட்டீங்க" என்றாள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சான்றிதழ் மச்சான் அது. எட்டாம் வகுப்புக்குமேல் எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

இனிமேல் எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். திறப்பு விழாவுக்கு முதல் நாள் வராந்தா சுவரில் படம் வரைந்து முடித்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் பிள்ளைகளின் கைத்தடம், சிரிக்கிற சூரியன், நடுவில் பெரிய எழுத்தில், 'குழந்தைகளின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை'. கீழே கல்லில் கமிட்டி உறுப்பினர்கள் பெயர். எல்லாம் பிரமாதம், ஆனால் வெளிப்பக்கம் திறக்கிற கதவைத் திறந்தால் அது சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது, கடமை மறைந்துபோகிறது. தீர்மானம் மத்தியானமே கடைக்கு ஓடி வந்தார். "கதவ மூடி வச்சா பிள்ளைங்க எப்படி உள்ள போவாங்க, திறந்து வச்சா வாசகம் தெரியல. வர்றவங்க போட்டோ எடுக்கணும்ல? ஒரு நாளைக்குத்தானே, உள்பக்கமா திருப்பிடுங்க. விழா முடிஞ்சதும் பழையபடி மாத்திக்கலாம்." நான் முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர், "மேடையில உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கு" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். யார் திருப்பியது என்று கேட்பீர்கள். நான்தான். கீலைக் கழற்றி, கதவு போய் முட்டுகிற கட்டையைப் பிடுங்கி மறுபக்கம் அடித்து, ஐந்து கதவையும் பொழுது சாய்வதற்குள் திருப்பினேன், இரண்டு டீயும் குடித்தேன். மறுநாள் மேடையில் இரண்டாவது வரிசை, ஓரம், நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பேசியவர்கள் எல்லாம் பாதுகாப்பைப் பற்றியே பேசினார்கள். நான் கீழே விழாமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தேன்.

மறுநாள் காலையில் கருவிப் பெட்டியோடு போய் நின்றேன். தலைமையாசிரியை, "கட்டடத்த ஒப்படைச்சாச்சு, இனி ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எழுத்துல அனுமதி வேணும்" என்றார். தீர்மானத்திடம் போனால், "நேத்தோட கமிட்டி கலைஞ்சுபோச்சு. கலைஞ்ச கமிட்டி எப்படிங்க தீர்மானம் போடும்?" என்று என்னையே கேட்டார். காண்ட்ராக்டர், "படத்துல இருந்த மாதிரிதான் நான் மாட்டினேன். மாத்தினவங்களப் போய்க் கேளுங்க" என்றார். மாற்றினவனைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சரி என்று உங்கள் அலுவலகத்துக்கே மனுப் போட்டேன். மூன்று வாரத்தில் என் கடை விலாசத்துக்கே ஒரு கடிதம் வந்தது. கட்டடக் கமிட்டிக்கு விலாசம் இல்லாததால் என் கடையைத்தான் கொடுத்திருந்தோம். பூட்டுக்கடைக்காரர் என்பவர் அனுப்பிய மனு மீது கமிட்டியின் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். மனுதாரர் சொல்வது முற்றிலும் நியாயம், எனக்கு அவரை நன்றாகத் தெரியும் என்று எழுதி அனுப்பினேன். அதற்கும் பதில் வந்தது. மனுதாரர் கையெழுத்தும் கருத்தாளர் கையெழுத்தும் ஒன்றாக இருக்கிறதே, விளக்கம் தருக என்று. அதன் கீழே ஒரு கிறுக்கல். அந்தக் கிறுக்கலை நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன் மச்சான். என் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து அதுதான். இரண்டு தடவையும் என்ன ஏது என்று படிக்காமல்தான் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மருமகள் விஷயம் இன்னும் சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு மறுநாள் வகுப்புக்குப் போனவள் உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். வரவில்லை. இழுத்துப் பார்த்திருக்கிறாள், வந்தது. பையை எடுத்துக்கொண்டு வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அங்கேதான். டீச்சர் நல்லவர், ஜன்னல் வழியாகப் பாடம் சொல்கிறார், இவளும் ஜன்னல் வழியாக நோட்டை நீட்டுகிறாள். ஆனால் வகுப்பறைக்குள் இருந்தால்தான் வருகைப்பதிவு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டதால், தினமும் எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இருபத்தெட்டு நாள் ஆப்சென்ட். நான் கெஞ்சினேன், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன், கடைசியில் அதட்டினேன். அவள் அழவில்லை. "யாருப்பா திருப்பினது?" என்று கேட்டாள். பெரியவங்க சேர்ந்து எடுத்த முடிவும்மா என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "மாமா ஆபீஸ்ல கதவு எந்தப் பக்கம்பா திறக்கும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நான் போனபோதெல்லாம் மூடித்தான் இருந்தது.

ஆகவே மச்சான் அவர்கள் தயவுசெய்து, உறவென்று இல்லாவிட்டாலும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பாவத்துக்காகவாவது, அந்தக் கோப்பை எந்த அடுக்கின் அடியிலிருந்தாலும் உருவியெடுத்து, ஐந்து கதவுகளையும் வெளிப்பக்கம் திருப்ப இந்த மாதத்துக்குள் எழுத்தில் அனுமதி வாங்கித் தரவும். தராவிட்டால் நான் இனி உங்கள் வாசல்படி மிதிக்கமாட்டேன், எந்தக் கமிட்டியிலும் சேரமாட்டேன், கல்லில் இருக்கும் என் பெயரையும் நானே உளியால் செதுக்கி எடுத்துவிடுவேன், அதற்கும் அனுமதி வேண்டுமென்றால் சேர்த்தே வாங்கிவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அவர்கள் படிக்கிற இடத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவைக்கவும்.

இப்படிக்கு,
மனுதாரரும் கருத்தாளருமான உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே கேட்ட எதையும் செய்துவிடாதீர்கள். கவரை ஒட்டிய கையோடு உங்கள் தங்கை அதைப் பிரித்துக் கடிதத்தைப் படித்தாள். "எதுக்கு அனுமதி? தப்பாத் திருப்பினப்போ யாருகிட்ட வாங்கினீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், யாரிடமும் வாங்கவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அது விடுமுறை நாள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லி டீச்சர் சாவி வாங்கி வந்தார். பழைய கதவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் அம்மாக்கள் எட்டுப் பேர் கதவைத் தாங்கிப் பிடித்தார்கள், வண்ணக் காகிதம் யாரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஐந்தும் வெளிப்பக்கம் திரும்பிவிட்டன. இப்போது நீங்கள் அனுமதி வாங்கினால் ஆய்வுக்கு ஆள் வருவார்கள், வந்தால் வாசகம் மறைகிறது என்று மறுபடி திருப்பச் சொல்வார்கள், அதனால் அந்தக் கோப்பை இருக்கும் இடத்திலேயே இருக்க விடவும். உங்களால் முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நான் கடைசிக் கதவை மாட்டியதும் உங்கள் மருமகள் தானாக உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள். நான் வெளியே நின்று, நான்தாம்மா திருப்பினேன், அன்னைக்கு உள்பக்கமும் நான்தான், இன்னைக்கு வெளிப்பக்கமும் நான்தான் என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். கேட்டதா என்று காதை வைக்கப் போனேன், அதே நேரம் அவள் பலம்கொண்ட மட்டும் தள்ளினாள். நெற்றியில் எலுமிச்சை அளவு புடைத்திருக்கிறது. "கதவு நல்லா திறக்குதுப்பா" என்றாள், "நீங்கதான் நடுவுல நிக்கிறீங்க."